வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், பெண் கல்லெழுத்து படிக்கட்டும்

செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். அவர் அங்கன்வாடிப் பணியாளர், கணவர் மணிலா (நிலக்கடலை) மண்டியில் கணக்கு எழுதுகிறார். மகள் அரசு மகளிர் பள்ளியில் பிளஸ் டூ முடித்து 600-க்கு 541 வாங்கியிருக்கிறாள். "பி.ஏ. ஹிஸ்டரிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் சார். கோயிலுக்குக் கூட்டிப்போனால் சாமி கும்பிடாமல் சுவரில் இருக்கிற எழுத்தை நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு நிற்கிறாள். பெங்களூரில் இருக்கிற என் அண்ணன், 'கட்டடம் பிடிக்கும் என்றால் பி.ஆர்க். சேர்த்துவிடு, ஆசையும் தீரும், மரியாதையும் இருக்கும்' என்கிறார். அந்தக் கல்லூரியில் வருஷத்துக்கு 1,60,000 கேட்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்தால் பணம் புரட்டலாம். 'ஹிஸ்டரி படிச்சவளை எவன் கட்டிக்குவான்' என்று நாத்தனார் கேட்கிறார். ராத்திரியில் தூக்கம் வருவதில்லை."

அம்மா, 541 வாங்கிய பெண், தனக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்கிற பெண் வீணாகப் போகமாட்டாள். நிம்மதியாகத் தூங்குங்கள். ஆனால் அந்தப் பத்திரத்தைத் தொடாதீர்கள்.

உங்கள் அண்ணன் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் கணக்கைத் தப்பாகப் போடுகிறார். பி.ஆர்க். ஐந்து வருஷம். கட்டணம் மட்டும் எட்டு லட்சம் ஆகும். விடுதி, லேப்டாப், மாடல் செய்கிற அட்டை, பிரின்ட் எல்லாம் அதற்கு மேல். அதைவிடப் பெரிய விஷயம், அது புதிய கட்டடம் வடிவமைக்கக் கற்றுத்தரும் படிப்பு. பழங்கட்டட வரலாறு அதில் சில தாள்கள்தான். பழைய கோயிலைப் பாதுகாக்கிற வேலைக்குப் போக எம்.ஆர்க். இன்னும் இரண்டு வருஷம் படிக்க வேண்டும். அப்பார்ட்மென்ட் பிளானும் ஆஸ்பத்திரி பிளானும் போடப் பிடிக்கிற பிள்ளைக்கு அது அருமையான படிப்பு. உங்கள் பெண்ணோ கோயிலை வரைந்துகொண்டு நிற்கவில்லை, கோயில் சுவரில் இருக்கிற எழுத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு நிற்கிறாள். அண்ணன் இதைக் கவனிக்கவில்லை. கடிதத்தில் நீங்களே எழுதியிருந்தும் நீங்களும் கவனிக்கவில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.எட்., பேங்க் பரீட்சை பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதைச் சொல்லத் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். நான் சொல்லவந்தது கல்வெட்டியல், அதாவது கல்லில் வெட்டிய பழைய எழுத்தைப் படி எடுத்து வாசிக்கிற துறை.

தமிழில் உள்ள கல்வெட்டுகளைப் படி எடுக்கும் வேலை 1880-களிலிருந்து அரசு முறையாக நடக்கிறது. படி எடுத்தும் இன்னும் அச்சேறாதவை ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. கல்லின் மேலேயே யார் கண்ணிலும் படாமல் இருப்பவை வேறு. அவற்றை உட்கார்ந்து படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். கூட்டம் இல்லாத துறை என்று பயப்படுவதற்கு முன், ஏன் கூட்டம் இல்லை என்று பாருங்கள். வேலை கஷ்டம், பொறுமை வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும். சம்பளம் கிடைக்கச் சில வருஷம் காத்திருக்கவும் வேண்டும். அந்தப் பொறுமை இருக்கிற பிள்ளைக்குப் போட்டி குறைவு என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது.

வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதலில் கல்லைத் தண்ணீர் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, பாசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகச் சுத்தம் செய்வார்கள். தடிமனான மேப்லித்தோ தாளை நனைத்துக் கல்லின் மேல் ஒட்டி, கனமான பிரஷ்ஷால் அடித்து, எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். ஈரம் சற்று வற்றியதும் துணிப்பொதியில் கறுப்பு மையைத் தொட்டு மெல்ல ஒற்றிக்கொண்டே வருவார்கள். மேடான இடமெல்லாம் கறுப்பாகும், எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். இதுதான் மைப்படி. காற்றடித்தால் தாள் கிழியும். அவசரப்பட்டால் மை பள்ளத்துக்குள் இறங்கி எழுத்தை மூடிவிடும். எல்லாம் நன்றாக வந்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கும், படிப்பது இனிமேல்தான்.

படிப்பதும் நாம் நினைக்கிற மாதிரி அல்ல. சோழர் காலக் கல்லில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா, ககரமா ககர மெய்யா என்று இடத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். சமஸ்கிருதச் சொல் வந்தால் கிரந்த எழுத்துக்கு மாறிவிடுவார்கள். நடுவில் '௨௰௫' என்று வரும். அது இரண்டு, பத்து, ஐந்து, அதாவது 25. முதலாம் ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-இல். 'யாண்டு' என்பது அரசனின் ஆட்சியாண்டு. எனவே அவன் கல்வெட்டில் 'யாண்டு 25' என்றால் 1009–10. பெயரே உடைந்துபோயிருந்தாலும், அரசன் புகழைச் சொல்லும் முன்வாசகத்தில் 'காந்தளூர்ச் சாலை' என்ற தொடர் மிஞ்சியிருந்தால் ராஜராஜன் பக்கம் தேடலாம், 'திரு மன்னி வளர' என்று தொடங்கினால் ராஜேந்திரன். ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரிகிற விளக்குக்கு, நெய் தர 'சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு' என்று வரும். சாகாத, கிழமாகாத ஆடு ஏது என்று உங்கள் பெண்ணிடமே கேளுங்கள். கணக்கில் 96 எப்போதும் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளை எழுதிய வாசகம் அது. மண்டியில் கணக்கெழுதுகிற அப்பாவுக்கு உடனே புரியும்.

போகும் வழி இது. பி.ஏ. வரலாறு, அரசுக் கலைக் கல்லூரியில். கட்டணம் மிகக் குறைவு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அதன்பின் எம்.ஏ.வுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறை, தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம், புனே டெக்கான் கல்லூரி. மானிடவியல் பக்கம் மனசு போனால் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் உங்களுக்குக் கூப்பிடு தூரம். எம்.ஏ. முடித்தவர்களுக்குத் தமிழ்நாடு தொல்லியல் துறை கல்வெட்டியலிலும் தொல்லியலிலும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. இடங்கள் கொஞ்சம்தான், நுழைவுத் தேர்வு உண்டு, படிக்கும்போதே உதவித்தொகையும் உண்டு. பெற்றோர் யாரும் என்னிடம் வந்து இதைக் கேட்டதில்லை. மத்தியத் தொல்லியல் துறைக்கு கிரேட்டர் நொய்டாவில் இதேபோல ஒரு நிறுவனம் இருக்கிறது. அதன் தகுதிப் பட்டியலில் 2020-இல் தமிழ் விடுபட்டு, இங்கே எல்லோரும் சத்தம் போட்ட பிறகு சேர்த்தார்கள். ஆராய்ச்சிக்குப் போனால், நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை வாங்கியவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். வரலாறு, தொல்லியல், மானிடவியல் மூன்றுக்கும் தனித்தனித் தாள் இருக்கிறது.

வேலை என்று பார்த்தால் மாநிலத் தொல்லியல் துறை, மைசூரில் உள்ள மத்தியக் கல்வெட்டுப் பிரிவு, அருங்காட்சியகங்கள், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் போன்ற ஆய்வு மையங்கள். காலியிடம் வருஷா வருஷம் வராது. வந்தாலும் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அதனால் எம்.ஏ. முடிக்கும்போதே அவள் டி.என்.பி.எஸ்.சி.யும் ஆசிரியர் தேர்வும் எழுதத் தயாராக இருக்க வேண்டும். 'எப்படியும் கிடைத்துவிடும்' என்று நான் சொல்லமாட்டேன். கிடைக்கத் தாமதமானாலும் தலையில் கடன் இருக்காது என்று மட்டும் சொல்கிறேன். எட்டு லட்சம் கடனோடு காத்திருப்பதும் கடனில்லாமல் காத்திருப்பதும் ஒன்றல்ல.

இனி உங்கள் மகளுக்கு. அம்மா, இந்த இடத்திலிருந்து கடிதத்தை அவள் கையில் கொடுங்கள்.

பாப்பா, எந்தக் கல்லூரி என்பதைவிட எந்தத் தலைப்பில் ஆய்வு செய்தாய் என்பதுதான் இந்தத் துறையில் உனக்குப் பெயர் வாங்கித் தரும். பி.ஏ. கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் என்றதும் பாதிப் பேர் ஜெராக்ஸ் கடையில் பழைய புராஜெக்ட்டை வாங்கி அட்டையை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மீதிப் பேர் 'சோழர் கட்டடக்கலை', 'தமிழரின் தொன்மை' என்று நூறு பக்கம் எழுதுவார்கள். இரண்டும் வீண். செஞ்சிக்கோட்டையையும் எடுக்காதே. 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான பிறகு எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள்.

விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டு இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வெட்டிய குகைக்கோயில். விசித்திரசித்தன் என்பது அவன் பட்டப்பெயர். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், பிரம்மன், ஈசன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் இதை ஆக்கினான் என்று அங்கே கிரந்தத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. எல்லோரும் இதை ராஜாவின் பெருமையாகப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். நீ திருப்பிப் படி. அதற்கு முன்னால் கோயில் எதனால் கட்டினார்கள் என்பதற்கான பட்டியலே அதுதான். செங்கலும் மரமும் சுதையும் அழிந்துபோயின. அந்த மரக் கட்டடத்தின் சாயல் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடு. அங்கிருந்து அதிகத் தூரமில்லாத தளவானூர் குகைக்குப் போ. முகப்பில் கபோதமும் அதன் மேல் கூடு எனப்படும் லாட வடிவ அலங்கார வளைவுகளும் இருக்கும். கூரையின் இறவாரம் கல்லில் வளைந்து நிற்பதுதான் கபோதம். மாமல்லபுரத்துத் திரௌபதி ரதம் அசல் கூரை வீடு. பீகாரில் பராபர் மலையில், மௌரியர் காலத்து லோமச ரிஷி குகை வாசலிலும் வளைந்த மரச்சட்டத்தைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது உன் ஊரில் இருக்கிறது. கூரை வேய்கிற பெரியவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். முகட்டுக்கும் கைமரத்துக்கும் வரிச்சலுக்கும் அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள், எந்த அளவில் வைக்கிறார்கள், இறவாரத்தை எவ்வளவு இறக்குகிறார்கள் என்று அளந்து எழுது. பிறகு தளவானூர் கபோதத்தின் முன்னால் போய் நில். நீலகிரித் தோடர்களின் வளைகூரைக் குடிசையை 1901–02-இல் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் நேரில் போய்ப் பதிவு செய்தார். அதைப் படித்தால் கேள்வி கேட்கும் முறை பிடிபடும். இப்படிச் செய்தால் வரலாறு, மானிடவியல், பழங்கட்டடக்கலை மூன்றும் ஒரே புராஜெக்ட்டில் வந்துவிடும். பஸ் செலவு நூறு ரூபாய் ஆகுமா?

இன்னொன்றும் உன் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கவரத்தை ஒட்டிய திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு, அதாவது அப்படி உயிர்விட்டவருக்கான நினைவுக் கல்வெட்டு. அந்த ஊர்ப்பக்கம் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்கள் மடம் இருக்கிறது. அந்த நோன்பு பற்றி இன்றைய குடும்பங்கள் என்ன நினைவு வைத்திருக்கின்றன என்று கேட்டு எழுதலாம். ஆனால் சாவைப் பற்றிய பேச்சு அது. பழகாமல், நம்பிக்கை வராமல் வாயைத் திறக்காதே. இதை எம்.ஏ.வுக்கு வைத்துக்கொள்.

ஒரு கண்டிப்பு. எழுத்து தெரியவில்லை என்று கோதுமை மாவையோ சாக்பீஸையோ கல்லில் பூசாதே. முகநூலில் பலரும் அப்படிப் பூசிப் படம் போடுகிறார்கள், பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடு, எழுத்து தானே எழுந்து நிற்கும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் படி எடுக்க அனுமதி வேண்டும். அதைத் துறைக்காரர்களோடு போகும்போது கற்றுக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று. சோழர் பெருமை பேசுகிற ரீல்ஸ் பார்ப்பதில்தான் உன் ஆர்வம் என்றால் வேறு படிப்புக்குப் போய்விடு, நான் தடுக்கமாட்டேன். உன் ஆர்வம் அந்த நோட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சரிபார்க்க ஒரு வழி: லீவில் அம்மாவோடு திருநாதர்குன்று ஏறி, ஒரு வரியை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுது. இரண்டு மணி நேரம் கழித்து அம்மாதான் 'போதும் வா' என்று கூப்பிட வேண்டும். நீயாக எழுந்துவிட்டால் நாம் மறுபடி பேசலாம்.

அம்மா, மீண்டும் உங்களுக்கு. நாத்தனார் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. அது படிப்பைப் பற்றிய கேள்வியே இல்லை. அண்ணன் உதவி செய்ய நினைக்கிறார் என்றால், மூன்று வருஷம் பஸ் பாஸுக்கும் ஒரு நல்ல கேமரா போனுக்கும் கேளுங்கள், மனசார வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசுக் கல்லூரி விண்ணப்பம் ஆன்லைனில் போடும்போது வரலாற்றை முதல் விருப்பமாகவும், பி.ஏ. தமிழை இரண்டாவதாகவும் கொடுங்கள். தமிழ் எம்.ஏ. படித்தவர்களும் அந்தக் கல்வெட்டியல் பட்டயத்துக்கு வரலாம். வரலாற்றில் இடம் கிடைக்காவிட்டாலும் பாதை அடைபடாது. சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு மூன்றையும் இந்த வாரமே சரிபார்த்துவிடுங்கள். புதுமைப் பெண் பணம் பலருக்கும் கடைசியில் நிற்பது அந்த ஆதார் இணைப்பில்தான்.