தேர்வை நிறுத்தினால் போதுமா?

கேள்வி: பின்லாந்துப் பள்ளிகளில் தேர்வும் கிடையாது, வீட்டுப்பாடமும் கிடையாது, ஆனாலும் உலகத்திலேயே சிறந்த கல்வி அங்கேதான் என்று படித்தேன். மகள் படிக்கும் பள்ளியிலும் தேர்வை நிறுத்தச் சொல்லி, பெற்றோர் சிலர் சேர்ந்து மனு எழுதுகிறோம். நாங்கள் செய்வது சரிதானே?

பதில்: மனுவை இன்னும் கொடுத்துவிடவில்லையே? கொஞ்சம் பொறுங்கள்.

வீட்டுப்பாடம் அங்கே குறைவு. அறவே இல்லை என்பது யாரோ கிளப்பிவிட்டது. வகுப்பாசிரியர் வைக்கும் சோதனைகளும் உண்டு. நாடு தழுவிய பெரிய தேர்வு மட்டும் மேல்நிலைப் படிப்பின் முடிவில் ஒன்றே ஒன்று.

நீங்கள் படித்தது கதையின் கடைசி அத்தியாயம். முன்பெல்லாம் அங்கே பதினோரு வயதிலேயே பிள்ளைகளை 'மேற்படிப்புக்குப் போகிறவர்கள், போகாதவர்கள்' என்று பிரித்துவிடுவார்கள். 1972-இல் வடகோடியில் தொடங்கி 1977-க்குள் நாடு முழுவதும் எல்லாரையும் ஒரே ஒன்பது ஆண்டுப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். ஆசிரியர் பயிற்சி பல்கலைக்கழகத்துக்குப் போனது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், ஒன்றாம் வகுப்பு எடுப்பவருக்கும் முதுகலைப் பட்டம் வேண்டும் என்றானது. பள்ளி ஆய்வாளர் முறையைக் கைவிட்டது 1990-களின் தொடக்கத்தில். ஆசிரியர்களைத் தயார் செய்ய இருபது வருடம் செலவழித்த பிறகுதான் மேற்பார்வையைத் தளர்த்தினார்கள். இந்த வரிசையைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களுக்கு ஒரே சோதனை வைத்து ஒப்பிடுவதற்குப் பீசா (PISA) என்று பெயர். 2001 டிசம்பரில் அதன் முதல் முடிவுகள் வந்தபோது வாசிப்பில் பின்லாந்து முதலிடம். அவர்களே எதிர்பார்க்கவில்லை! என்னைக் கேட்டால் முதலிடத்தைவிடப் பெரிய விஷயம், அங்கே பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் மிகச் சொற்பமாக இருந்தது. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நாட்டின் கல்வியை எடைபோட அங்குள்ள மிகச் சாதாரணமான பள்ளியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பேன்.

சரி, சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே பன்னிரண்டு வயதிலேயே கடுமையான தேர்வு. 2022 பீசா கணிதத்தில் 575 புள்ளிகளோடு முதலிடம். பின்லாந்தோ 2006-இல் 548-இல் இருந்து 2022-இல் 484-க்கு இறங்கிவிட்டது. இதைப் பார்த்துவிட்டுத் தேர்வைக் கூட்டச் சொல்லி இன்னொரு மனு எழுதிவிடாதீர்கள்! தேர்வு விஷயத்தில் எதிரெதிராக நிற்கும் இந்த இரண்டு நாடுகளும் ஆசிரியர் விஷயத்தில் ஒத்துப்போகின்றன. இரண்டிலும் ஆசிரியர் வேலை அவ்வளவு எளிதில் கிடைக்காது. சிங்கப்பூரில் வேலையில் சேர்ந்த பிறகும் வருடத்துக்கு 100 மணி நேரம் வரை பயிற்சி பெறலாம்.

அதனால் மனுவில் வேறு கேள்விகளை எழுதுங்கள். ஒன்றாம் வகுப்புக்கு அனுபவசாலியைப் போடுகிறார்களா, புதிதாக வந்தவரையா? வாசிக்கத் திணறும் பிள்ளையை எந்த மாதத்தில் கண்டுபிடிக்கிறார்கள்? கண்டுபிடித்த பிறகு அந்தப் பிள்ளையோடு உட்கார ஆள் இருக்கிறதா? ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை இன்னொருவர் போய்ப் பார்க்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா? பதில் என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.