ஆர் அண்ட் டி: பணம் டபுள் ஆனா ஆளும் டபுள் ஆகுமா?

வணக்கம் சார். ஆராய்ச்சிக்கு (ஆர் அண்ட் டி) ஜிடிபில, அதாவது நாட்டோட ஒரு வருஷ மொத்த உற்பத்தில, எத்தனை சதவீதம் செலவு பண்றாங்கன்னு நாடுவாரியா ஒரு பட்டியல் பாத்தேன். இஸ்ரேல் 6 சதவீதம் கிட்ட, தென் கொரியா 5 சதவீதம் கிட்ட. பின்தங்கின நாடுங்க பட்ஜெட்டை டபுள் பண்ணிட்டா அந்தத் துறைல வேலையும் டபுள் ஆயிடும்னு சொன்னேன். ஃப்ரெண்டு சிரிக்கிறான், "ஆராய்ச்சில எங்கடா வேலை, நாலு பேரு வெள்ளை கோட் போட்டுட்டு நிப்பாங்க"ங்கறான். யார் சொல்றது சரி?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்க ஃப்ரெண்டு சொல்றது தப்பு, ஆனா நீங்க சொல்றதும் அப்படியே நடக்காது.

அவர் கணக்கை முதல்ல பாப்போம். ஆராய்ச்சிச் செலவுல பெரிய பங்கு மெஷினுக்குப் போறதில்ல, சம்பளத்துக்குத்தான் போகுது. 1963ல பல நாட்டு நிபுணருங்க இத்தாலில ஃப்ராஸ்காட்டிங்கற ஊர்ல உக்காந்து, எதை ஆராய்ச்சின்னு எண்ணணும், யாரை எண்ணணும்னு விதி போட்டாங்க, இன்னிக்கு நாடுங்க குடுக்கற கணக்கெல்லாம் அதோட புதுப் பதிப்பை வெச்சுதான். அதுல ஆராய்ச்சியாளர், டெக்னீஷியன், உதவி ஊழியர்னு மூணு வகை. அதுவும் தலையை எண்ணறது ஒண்ணு, முழுநேரக் கணக்கு இன்னொண்ணு, அதாவது ஒரு ப்ரொஃபசர் வாரத்துல அஞ்சு நாள்ல மூணு நாள் பாடம் எடுத்துட்டு ரெண்டு நாள் லேப்ல இருந்தார்னா அவரு 0.4 ஆள், அவ்வளவுதான்.

இப்ப உங்க விஷயம். நீங்க பாத்த சதவீதம் அரசாங்க பட்ஜெட் மட்டும் இல்ல, கம்பெனிங்க செலவும் சேத்துதான். தென் கொரியால கிட்டத்தட்ட அஞ்சுல நாலு பங்கு ஆராய்ச்சி கம்பெனிங்களுக்குள்ளயே நடக்குது, அதனால பட்ஜெட்டை மட்டும் ஏத்தி அந்த இடத்துக்குப் போயிட முடியாது.

சரி, பட்ஜெட்டை டபுள் பண்ணாங்கன்னே வெச்சுப்போம். அமெரிக்கால என்.ஐ.ஹெச்.னு மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கற அமைப்பு, 1998ல சுமார் 1,360 கோடி டாலரா இருந்த அதோட பட்ஜெட்டை 2003க்குள்ள 2,700 கோடியாக்கினாங்க. யுனிவர்சிட்டிங்க புதுசா பில்டிங் கட்டி, பிஎச்டிக்கு ஆள் சேத்து, போஸ்ட் டாக்குக்கு (பிஎச்டி முடிச்சவங்களுக்கான தற்காலிக ஆராய்ச்சி வேலை) ஆள் எடுத்துட்டு நிமிர்ந்து பாத்தா 2003க்கு அப்புறம் பணம் பெருசா ஏறவே இல்ல. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டுப் போடற விண்ணப்பம் முன்னாடி மூணுக்கு ஒண்ணு தேறும், சில வருஷத்துல அஞ்சுக்கு ஒண்ணு ஆயிடுச்சு, நடுவுல மாட்டினது அந்தப் பசங்க, முப்பத்தஞ்சு வயசாகியும் நிரந்தர வேலை இல்லாம வருஷா வருஷம் கான்ட்ராக்ட் புதுப்பிச்சிட்டு. ஆளு தயாராக பத்து வருஷம் ஆகுது, பணம் ஒரு கையெழுத்துல வருது, அதே மாதிரி போகுது.

இதோட இன்னொரு பக்கத்தை நானே பாத்தேன். ஒரு லேப்ல (பேரு வேணாம்) எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் மேல பிளாஸ்டிக் கவர், கவர் மேல தூசி. நிதியாண்டு முடியறதுக்குள்ள செலவு பண்ணியாகணும்னு மெஷினை வாங்கிட்டாங்க, ஓட்டத் தெரிஞ்ச டெக்னீஷியனுக்கு போஸ்ட் கிடையாது. கணக்குல அதுவும் ஆராய்ச்சிச் செலவுதான், சதவீதமும் ஏறியிருக்கும்.

அந்த சதவீதத்தையும் ரொம்ப நம்பாதீங்க. 2015ல அயர்லாந்து ஜிடிபி ஒரே வருஷத்துல கிட்டத்தட்ட கால்வாசி ஏறுச்சு, பன்னாட்டு கம்பெனிங்க சொத்தை அங்க மாத்தினதுதான் பெரிய காரணம். உடனே ஆராய்ச்சி சதவீதம் இறங்கிடுச்சு, எந்த லேபும் மூடல, வகுக்கறதுக்குக் கீழ இருக்கற ஜிடிபி எண் வீங்கிடுச்சு. இஸ்ரேல் கணக்குல ராணுவ ஆராய்ச்சியே சேரல, அப்படியும் முதல் இடம், அது வேற கதை.

பட்டியலை மறுபடி எடுத்தீங்கன்னா, வேலை பாக்கற ஆயிரம் பேர்ல எத்தனை ஆராய்ச்சியாளர்னு முழுநேரக் கணக்குல ஒரு வரிசை இருக்கான்னு பாருங்க. இருந்தா பத்து வருஷத்துக்கு முந்தினதையும் பக்கத்துல வெச்சுட்டு ஃப்ரெண்டுகிட்ட பேசுங்க. டெக்னீஷியன்லாம் தனி வரிசைல இருப்பாங்க, அவங்களை விட்டுடாதீங்க.