கேள்வி–பதில்: அர்ஜென்டினாவில் ஐரிஷ் ஆட்டுக்காரர்கள்

கேள்வி: கையில் காசில்லாமல் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறிய ஐரிஷ் குடும்பங்கள் ஆட்டுப்பண்ணை முதலாளிகள் ஆனதாகச் சொல்கிறார்களே, எப்படி?

பதில்: வாரத்துக்கு, அதாவது கூலிக்குப் பதில் வரவில் ஒரு பங்குக்கு, ஆடு மேய்த்துத்தான். 1840-களிலிருந்து வெஸ்ட்மீத், லாங்ஃபோர்டு, வெக்ஸ்ஃபோர்டு மாவட்டங்களிலிருந்து போனவர்களில் பலர், ஊரில் பங்கு பிரிக்க நிலமில்லாத குத்தகைக் குடியானவர்களின் இளைய பிள்ளைகள். பலருக்கு முதல் வேலை அகழி வெட்டுவது. கம்பி வேலி பரவாத காலம். தோட்டத்துக்குள் மாடு நுழையாமலிருக்கச் சுற்றிப் பள்ளம் எடுக்க வேண்டும். கெஜக் கணக்கில் கூலி. குதிரைமேல் வளர்ந்த உள்ளூர்க்காரர்கள் மண்வெட்டியைத் தொட விரும்பாததால் கூலி நன்றாகவே கிடைத்தது.

அடுத்த படிதான் முக்கியம். பண்ணைக்காரர் 1,500 முதல் 2,000 செம்மறி கொண்ட மந்தையை ஒரு குடும்பத்திடம் ஒப்படைப்பார். மூன்றில் ஒரு பங்கு ஒப்பந்தம் என்றால் பிறக்கும் குட்டியிலும் கம்பளியிலும் மூன்றில் ஒன்று மேய்ப்பவருக்கு. செலவிலும் அதே பங்கு. பாதி வாரம் என்றால் எல்லாமே பாதிக்குப் பாதி. ஒரு கணக்குக்குச் சொல்கிறோம்: சாவு போக மந்தை ஆண்டுக்கு 450 கூடினால் மூன்றில் ஒரு பங்குக்காரருக்கு 150. நாலு வருஷத்தில் 600. அதன் ஈத்து வேறு. அதற்குள் சொந்த மந்தை ஒன்றுக்கு அடித்தளம் விழுந்துவிடும். மாதச் சம்பளக்காரருக்கு இந்த வழி கிடையாது. சம்பளம் காகிதப் பெசோவில்; அதன் மதிப்பு சரிந்துகொண்டே இருந்தது. ஆடோ தானாகப் பெருகும்.

இவ்வளவு தாராளமாகப் பங்கு கொடுத்தது ஏன்? உள்நாட்டுச் சண்டைக்கு உள்ளூர் ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அயல்நாட்டாருக்குப் படைச் சேவை இல்லை. மேய்க்க ஆள் கிடைக்காதபோது பேரம் மேய்ப்பவர் பக்கம் சாய்ந்தது.

கேள்வி: அந்த வாழ்க்கையில் எங்கே அடி விழும்?

பதில்: பெரும்பாலும் வானத்திலிருந்துதான். கம்பளி கத்தரிப்பது அக்டோபர், நவம்பரில். தெற்கே அப்போது வசந்தம். கத்தரித்த சில நாட்களுக்குள் குளிர்காற்றோடு மழை பிடித்தால், உடம்பை மூடக் கம்பளி இல்லாத ஆடுகள் விறைத்துச் சாகும். வேலியில்லாத சமவெளியில் மந்தை காற்றடிக்கும் திசையிலேயே நகர்ந்து, அடுத்தவர் மந்தையோடு கலந்துவிடும். பிறகு இரண்டு மந்தையையும் பட்டியில் அடைத்து, காதிலுள்ள வெட்டு அடையாளத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். குடும்பத்தில் நடக்கத் தெரிந்த எல்லாருக்கும் வேலை.

அடுத்தது சொறி. ஒரு ஆட்டுக்கு வந்தால் பட்டி முழுக்கப் பரவும், கம்பளி திட்டுத் திட்டாக உதிரும். புகையிலையை ஊறவைத்த நீரில் குளிப்பாட்டுவது அன்றைய வைத்தியம். ஒரு முறை குளிப்பாட்டினால் முட்டை சாகாது. சில நாள் விட்டு மறுபடியும் செய்யாதவருக்குச் சொறி திரும்ப வரும்.

வீடு என்பது மண் சுவர், கூரைப்புல், பக்கத்தில் பட்டி. மரமே அரிதான இடம் என்பதால் அடுப்பெரிக்கக் காய்ந்த ஆட்டுப்புழுக்கையும் முள்செடித் தண்டும். கத்தரிப்பவருக்கு ஆட்டுக்கு ஒரு தகர வில்லை. கடைசியில் வில்லைகளை எண்ணிப் பணம். ஏமாற்ற முடியாத நல்ல ஏற்பாடு.

விலை விழுவது தனி. 1867-ல் அமெரிக்கா கம்பளிக்கு வரியை ஏற்றியபோது சந்தை படுத்தது. விற்க முடியாத ஆடுகளைக் கொன்று காய்ச்சிக் கொழுப்பெடுத்து விற்றார்கள்.

கேள்வி: சேர்த்த பணத்தை எங்கே வைத்தார்கள்?

பதில்: பாதிரியாரிடம்! 1844-ல் புவெனஸ் ஐரஸ் வந்த அந்தோணி ஃபாஹி பணம் வாங்கி வைப்பது, கடிதம் சேர்ப்பது, வேலை பார்த்துக் கொடுப்பது, பெண் பார்ப்பது வரை எல்லாம் செய்தார். சேமிப்பை ஐரிஷ் வணிகர் தாமஸ் ஆம்ஸ்ட்ராங்கிடம் போட்டுவைத்து, நிலம் வாங்கத் தூண்டினார். மெர்செடஸ், சான் அந்தோனியோ தெ அரெக்கோ, சால்த்தோ பக்கம் நிலம் மலிவாக இருந்தபோது வாங்கியவர்களே பெரிய பண்ணைக்காரர் ஆனார்கள். ஆடு மட்டும் சேர்த்து, நிலத்தைக் குத்தகைக்கே வைத்திருந்தவர்கள் வாடகை ஏறியபோது மாட்டிக்கொண்டார்கள்.

கேள்வி: பிறகு ஏன் வருகை நின்றது?

பதில்: கம்பி வேலி வந்ததும் மேய்ப்பவர் தேவை குறைந்தது, நிலவிலை ஏறியது, பங்கு சுருங்கியது. போதாததற்கு 1889-ல் டிரெஸ்டன் கப்பல் விவகாரம். முகவர்களின் ஆசை வார்த்தையை நம்பி வந்த சுமார் 1,800 பேருக்குத் துறைமுகத்தில் தங்க இடம்கூடச் சரியாக இல்லை. ஒரு பகுதியினரை பாஹியா பிளாங்கா அருகே நபோஸ்டாவில் குடியேற்றினார்கள். வீடு கட்டித் தரவில்லை. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1891-ல் குடியிருப்பே கலைந்தது. ஏழைகள் யாரும் அர்ஜென்டினாவில் கால் வைக்க வேண்டாமென்று காஷெல் பேராயர் தாமஸ் குரோக் அயர்லாந்துப் பத்திரிகைக்கு எழுதினார். அதன்பின் கூட்டமாகப் போவது ஏறக்குறைய நின்றேபோனது.