எண்ணெயில் மிதந்த மரக்காய்போ ஏன் இருட்டில் மூழ்கியது?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். வெனிசுவேலாவின் மரக்காய்போ போன்ற எண்ணெய் நகரம் பெற்றோலுக்கும் கரண்டுக்கும் அல்லாடும் நிலைக்கு எப்படி வந்தது என்பது ஒன்று. திருகோணமலையில் எண்ணெய்க் குதங்கள் (எண்ணெயைச் சேமிக்கும் பெரிய தொட்டிகள்) இருக்கின்றனவே, அந்த வாழ்வும் அந்தத் தாழ்வும் நமக்கும் வருமா என்பது மற்றது. முதல் கேள்விக்குக் கண்ணால் கண்டதை வைத்துக் கொஞ்சம் சொல்லலாம். இரண்டாவதற்குச் சாத்திரம் பார்க்கத் தெரியாது. ஆனால் அந்தக் குதங்கள் நிற்கும் சீனக்குடாவுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன், அதனால் வாய் சும்மா இருக்காது.

நான் இருபது வருடத்துக்கு மேல் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தவன். 1997இல் எங்கள் டாங்கர் மசகு எண்ணெய் (சுத்திகரிக்காத கச்சா எண்ணெய்) ஏற்ற மரக்காய்போ ஏரிக்குள் போனது. எங்களோடு கிண்ணியாப் பையன் ஒருவன் இருந்தான். ஊர்ப் பெயரைக் கேட்டதும், "மரக்காயர்மாருடைய ஊரா அண்ணன்?" என்று கேட்டுவிட்டான். கப்பல் முழுக்க அதன்பிறகு அது மரக்காயர் ஊர்தான்.

ஏரிக்குள் போக ஒரு பாலத்தின் அடியால் போகவேண்டும். 1962இல் கட்டி முடித்த பாலம், எட்டுக் கிலோமீற்றருக்கு மேல் நீளம். நான் மேல்தளத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த நாளில் நாங்கள் கிண்ணியாவுக்குப் பாதை என்கிற மிதவையில்தான் கடந்துகொண்டிருந்தோம். 396 மீற்றர் பாலம் வர 2009 ஆகிவிட்டது, அதுவே இலங்கையில் நீளமான பாலம் என்று பெருமைப்பட்டோம். பாலத்தைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீருக்குள் இரும்புக் கோபுரங்கள், குழாய்கள், மேடைகள். திருவிழாவுக்குப் பந்தல்கால் நட்டுவிட்டுக் கூரை போட மறந்தது போல இருந்தது. இரவில் தெற்குப் பக்கம் மின்னல் ஓயாமல் வெட்டியது, ஆனால் இடிச் சத்தம் இல்லை. கத்தாத்தும்போ ஆறு ஏரியில் சேரும் இடத்தில் வருடத்தில் பாதிக்கு மேற்பட்ட இரவுகளில் அப்படித்தானாம்.

எங்கள் கப்பல் சமையல்காரன் அந்த ஊர்க்காரன். கரையில் இறங்கியதும் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். வெயில் நம்ம ஊர் சித்திரை வெயில்தான். ஆனால் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஏசி எலும்பில் ஏறியது. "வெனிசுவேலாவிலேயே குளிரான ஊர் எங்களுடையது" என்று அவர்களே பகிடி விடுவார்களாம். அந்த நாட்டில் முதலில் மின்விளக்கு எரிந்த நகரமும் அதுதான், 1888இல். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். தெருவில் வாடகைக்கு ஓடியதெல்லாம் படகு மாதிரி நீளமான பழைய அமெரிக்கக் கார்கள். இவ்வளவு எண்ணெய் குடிக்குமே என்றேன். தண்ணீர்ப் போத்தலை விடப் பெற்றோல் மலிவு என்று சிரித்தான்.

அவனுடைய தமையன் எண்ணெய்க் கம்பனியில், ஏரியில் கொம்பிரசர் திருத்துகிற மெக்கானிக். அந்த உத்தியோகம் என்றால் பெண் கொடுக்க ஆள் தேடி வருவார்களாம். இந்தத் தமையனை மறக்காதீர்கள். என்னைப் பொறுத்தவரை மரக்காய்போவின் கதை அந்த ஆளின் கதைதான்.

பழைய வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1914இல் ஏரியின் கிழக்குப் பக்கம் முதல் பெரிய கிணறு. 1922 டிசம்பரில் கபீமாஸ் என்ற இடத்தில் ஒரு கிணறு பீறிட்டு, நாளுக்கு ஒரு லட்சம் பீப்பாய் வீதம் ஒன்பது நாள் ஊற்றியது. உலகக் கம்பனிகள் ஓடி வந்தன. கோப்பியும் கொக்கோவும் விற்ற நாடு அதை மெல்லக் கைவிட்டது. 1936இலேயே உஸ்லார் பியெத்ரி என்ற எழுத்தாளர் "எண்ணெயை விதையுங்கள்" என்று பத்திரிகையில் எழுதினார். இந்தக் காசை விவசாயத்திலும் தொழிலிலும் போடுங்கள், இது என்றைக்கும் வந்துகொண்டே இருக்காது என்பதுதான் அவர் சொன்னது. யார் கேட்டார்கள்? 1973க்குப் பிறகு எண்ணெய் விலை நாலு மடங்கு ஏறியதும் சனம் மயாமிக்குப் பறந்து சாமான் வாங்கியது. "மலிவாக் கிடக்கு, ரெண்டு தா" என்பதுதான் அந்தக் காலத்து வெனிசுவேலாக்காரரின் அடையாள வசனம். 1976இல் எண்ணெய் அரசுடைமையானது. 1983இல் நாணயம் சரிந்தது. அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது, ஆனால் அரசின் எண்ணெய்க் கம்பனி மட்டும் ஒழுங்காக நடந்தது. நான் பார்த்த 1997, அந்தக் கம்பனியின் நல்ல காலத்தின் கடைசிப் பகுதி. அப்போது நாடு முழுக்க நாளொன்றுக்கு 30 லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, விழுந்தது எப்படி? நிறையப் பேர் எண்ணெய் வற்றிவிட்டது என்று நினைக்கிறார்கள். வற்றவில்லை. நிலத்துக்கடியில் கணக்கிட்டுள்ள இருப்பில் வெனிசுவேலாவுக்குத்தான் உலகில் முதலிடம்.

2002 டிசம்பரில் ஜனாதிபதி சாவேஸின் அரசுக்கு எதிராக எண்ணெய்க் கம்பனி ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு மாதம் இழுத்து, முடிவில் சுமார் 18,000 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் பொறியியலாளர், கிணறு பார்க்கிறவர், கப்பல் ஓட்டுகிறவர் எல்லாம் அடக்கம். நம்ம தமையனும் போனார். வேலைநிறுத்தம் சரியா பிழையா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. அது அரசியல், இரண்டு பக்கமும் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் எஞ்சின் அறைக்காரனாக ஒன்று தெரியும். பழைய இயந்திரத்துக்கு அதோடு பழகிய ஆள் வேண்டும். எந்த வால்வு முக்கால் சுற்றில் இறுகும், எந்தச் சத்தம் வந்தால் ஓடிப்போய் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பழைய எண்ணெய்க் கிணறு தேங்காய்ப்பால் மாதிரி. முதற்பால் கையை வைத்ததும் வரும். அடுத்த பாலுக்குத் தண்ணீர் விட்டு, கை நோகப் பிழிய வேண்டும். ஏரிக் கிணறுகள் பல முதற்பாலைக் கொடுத்து முடித்தவை. உள்ளே வாயுவையும் தண்ணீரையும் அழுத்தி அனுப்பினால்தான் எண்ணெய் மேலே ஏறும். அந்த அழுத்தத்தைக் கொடுப்பது கொம்பிரசர். தமையன் பார்த்த வேலை அதுதான்.

2009இல் இன்னொரு அடி. ஏரியில் ஒப்பந்தத்துக்கு வேலை செய்த டசின் கணக்கான கம்பனிகளை, அவற்றின் படகுகள், இறங்குதுறைகள், வாயு அழுத்தும் நிலையங்களோடு அரசு எடுத்துக்கொண்டது. அந்தக் கம்பனிகளுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி முன்பே குவிந்து கிடந்தது என்பதையும் சொல்லவேண்டும். தனியார் கையில் ஓடிய படகுகள் அரசு கையில் கட்டிக் கிடந்தன. படகு இல்லாவிட்டால் நடு ஏரிக் கிணற்றுக்கு மெக்கானிக் நீந்தியா போவான்? விலை நன்றாக இருந்த காலத்தில் இதெல்லாம் வெளியே தெரியவில்லை. 2014இன் நடுவில் பீப்பாய் 100 டொலருக்கு மேல் இருந்தது, 2016 தொடக்கத்தில் 30க்கும் கீழே வந்ததும் எல்லாம் அம்மணமாகிவிட்டது. பணவீக்கத்தில் நாணயத்தின் பின்னால் இருந்த சைபர்களை வெட்டிக்கொண்டே போனார்கள்: 2008இல் மூன்று, 2018இல் ஐந்து, 2021இல் ஆறு. மொத்தம் 14 சைபர். 2019 ஜனவரியில் அமெரிக்கா எண்ணெய்க் கம்பனி மீதே தடை போட்டது. அது கழுத்தை இறுக்கியது உண்மை, ஆனால் நோயாளி அதற்கு முன்பே படுக்கையில். 2020 நடுப்பகுதியில் உற்பத்தி நாளுக்கு நாலு லட்சம் பீப்பாய்க்கும் கீழே. அந்த வருடம் மே மாதத்தில் ஈரானிலிருந்து ஐந்து டாங்கரில் பெற்றோல் வந்து இறங்கியது, எண்ணெய் நாட்டுக்கு!

இப்போது அந்த 1888க்கு வருவோம். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி தென்கிழக்கில் உள்ள குரி அணையிலிருந்து வருகிறது. மரக்காய்போ மேற்கு ஓரத்தில், கம்பியின் கடைக்கோடியில். கந்தளாய்க் குளத்துத் தண்ணீருக்குத் தம்பலகாமத்துக் கடைசி வயல்காரன் பார்த்திருப்பது போலத்தான். உள்ளூர் அனல்மின் நிலையங்கள் ஓடினால் சமாளிக்கலாம், அவற்றையும் யாரும் பார்க்கவில்லை. 2019 மார்ச் 7ஆம் தேதி நாடு முழுக்க இருண்டது. மரக்காய்போவில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. சனம் கடைகளை உடைத்தது, சுமார் 500 கடை போனது.

சமையல்காரன் அப்போது ஓய்வு பெற்று ஊரில் இருந்தான். சிக்னல் கிடைத்த ஒரு நாள் பேசினான். வீட்டுக்குள் படுக்க முடியாமல் மொட்டைமாடியில் ஈரத்துணியைப் போர்த்துக்கொண்டு படுத்தார்களாம். ஐஸ் விற்பவன் டொலர் கேட்டானாம். அம்மாவுக்குச் சீனி வருத்தம், இன்சுலினைக் குளிரில் வைக்கவேண்டும். அதனால் ஒரு கட்டி ஐஸ் வாங்கித் துணியில் சுற்றி, மரத்தூள் போட்ட பெட்டிக்குள் வைத்து, திறக்காதே திறக்காதே என்று பிள்ளைகளைக் காவல் வைத்தார்களாம். ஏசியில் நடுங்கிய ஊர் ஒரு கட்டி ஐஸுக்குக் காவல் இருந்ததை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பெற்றோலுக்கு நாள்கணக்காக லைன். தமையன் அதற்கு முன்பே கொலம்பியாவுக்குப் போய், அங்கே எண்ணெய் வயலில் அதே கொம்பிரசர் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். எழுபது லட்சத்துக்கு மேல் வெனிசுவேலாக்காரர் இன்று வெளிநாட்டில்.

பெற்றோலுக்கு நாள்கணக்காக லைன் என்று அவன் சொன்னபோது, கூட்டிச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். 2022 ஜூனில் இங்கே மோட்டார் சைக்கிளோடு நானே இரண்டு இரவு வீதியில் படுத்தேன். பெற்றோல் செட்டில் கொடுத்த நம்பர் துண்டைச் சேர்ட் பையில் வைத்துக் கொண்டு கண்ணயர்ந்தேன். காலையில் பார்த்தால் நம்ம திருகோணமலை டவுனுக்குள் திரிகிற மான் ஒன்று பக்கத்தில் நின்று எதையோ மென்றுகொண்டிருக்கிறது. என் துண்டுதான். லைனில் நின்றவர்கள் சாட்சி சொன்னதால் தப்பினேன். லீற்றர் 470 ரூபாய். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87இலிருந்து 340க்குத் தாவியதும் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் எத்தனையோ வள்ளங்கள் கரையில் ஏறிவிட்டன.

இத்தனையும் நடக்கும்போது சீனக்குடாவில் குதங்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. அதனால்தான் இரண்டாவது கேள்வி வருகிறது என்று நினைக்கிறேன். ஆனால் அவை குதங்கள்தான், கிணறு இல்லை. வெள்ளைக்காரன் தன் கடற்படைக்காகக் கட்டிய பானைகள். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கும் துறைமுகமும் இந்தப் பானைகளும்தான் காரணம். எஞ்சியவை 99, ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். அதில் பெரும்பகுதி பல பத்து வருடமாகக் காடு மூடிக் கிடந்தது. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 குதம் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கம்பனியிடம், 24 நம்ம பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இருவரும் சேர்ந்து. 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க உடன்பாடு எழுதின.

நல்லது, வரட்டும். ஆனால் மரக்காய்போ மாதிரி வாழ்வு வராது. வேறு யாரோ கொண்டுவந்த அரிசியைப் பானையில் போட்டு, வாடகை வாங்கும் தொழில் இது. ஆட்களும் அதிகம் தேவைப்படாது. நம்ம பிள்ளைகளில் எத்தனை பேர் வெல்டிங், வால்வு, பம்ப், துரு பார்க்கும் வேலை படித்து உள்ளே போகிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். கேற்றில் நிற்கிற செக்யூரிட்டி வேலை மட்டும் கிடைக்குமென்றால் குதம் நிரம்பினால் என்ன, காய்ந்தால் என்ன?

சமையல்காரன் இப்போது சிலியில், சந்தியாகோவில், மகள் வீட்டில் இருக்கிறான். பிரிட்ஜின் மேல்தட்டு முழுக்கத் தண்ணீர்ப் போத்தலை உறையவைத்து அடுக்கியிருக்கிறான். இறைச்சி வைக்க இடமில்லை என்று மகள் ஏசுகிறாளாம். 2025 பெப்ரவரி 25ஆம் தேதி கிட்டத்தட்ட சிலி முழுக்கக் கரண்ட் போனது. அடுத்த நாள் பெரிய சந்தோஷத்தோடு எடுத்தான். "எல்லாரும் ஓடுறாங்க, என்னட்ட மட்டும் ஐஸ் இருக்கு!" என்றான். இங்கேயும் அதே மாதம் 9ஆம் தேதி நாடு முழுக்கப் போனது, பாணந்துறையில் ஒரு குரங்கு மின்நிலையத்துக்குள் பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார் என்று நான் சொன்னேன். அவன் நம்பவில்லை.