விளையாட்டா சொன்ன ஒரு வார்த்தை இன உறவையே கெடுக்குமா?

"விளையாட்டுக்கு ஏதோ ஒரு வார்த்தை சொன்னா உடனே இனப் பிரச்சனைன்னு பெருசாக்குறாங்களே, நிஜமாவே அவ்வளவு பாதிப்பு இருக்கா"ன்னு கேட்டிருக்கீங்க. கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் நானும் இதே கேள்விய கேட்டுட்டு இருந்த ஆள்தான்.

எங்க டீம்ல வேற இனத்த சேர்ந்த ஒருத்தர் இருந்தார். நல்லா பழகுவார், டெய்லி சாயந்தரம் ஆறேழு பேர் சேர்ந்து டீ குடிக்க போவோம், அவர் இருந்தா பேச்சுக்கு பஞ்சமே இருக்காது. ஒரு நாள் மீட்டிங்குக்கு அவர் பத்து நிமிஷம் லேட். உள்ள நுழைஞ்சதும் நான் "உங்க ஆளுங்களுக்கு கடிகாரம்லாம் சுவத்துல மாட்டுறதுக்கு மட்டும்தானே"ன்னேன். ரூமே சிரிச்சுது, அவரும் சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே உக்காந்து லேப்டாப் சார்ஜர் ஒயர பிரிச்சார், பிரிச்சத மறுபடி சுத்தினார், மறுபடி பிரிச்சார். நான் அத பாத்துட்டுதான் இருந்தேன், மண்டையில ஏறல. அதே வாரம் நானும் ரெண்டு நாள் லேட்டு. "என்ன டிராஃபிக்கா?"ன்னு கேட்டாங்க, அவ்வளவுதான். யாரும் என் இனத்த இழுக்கல.

அப்புறம் அவர் டீக்கு வர்றது குறைஞ்சுது. கால் இருக்கு, வேலை இருக்குன்னு ஏதாவது சொல்வார். சண்டை கிண்டை எதுவும் இல்ல, குட் மார்னிங் சொன்னா திருப்பி சொல்வார், மெயில் போட்டா பதில் வரும், அதனால எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நாங்க பாட்டுக்கு இருந்தோம். ஒன்றரை வருஷம் கழிச்சு அவர் வேலைய விட்டு போறப்பதான் என்ன ஆச்சுன்னு கேட்டேன். "நீங்க சொன்னது எனக்கு புதுசு இல்ல, ஸ்கூல் படிக்கும்போதுல இருந்து கேட்டுட்டு இருக்கேன், ஆனா அத்தன பேரும் சேர்ந்து சிரிச்சீங்க பாருங்க"ன்னார். நீங்களும் தானே சிரிச்சீங்கன்னு அசட்டுத்தனமா கேட்டேன். "வேற என்ன பண்றது, மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டா ஜோக் கூட தாங்க மாட்டானுங்கன்னு அதுக்கும் எங்க ஆளுங்களத்தானே சொல்வீங்க"ன்னார்.

இதுதான் பாதிப்பு. அடிதடி இல்ல, பேச்சு நின்னு போறது. சண்டை இல்லாததையே ஒத்துமைன்னு நாம கணக்கு போட்டுக்கறோம். நாளைக்கு ஒரு வதந்தி கிளம்பும்போது "இது நிஜமாப்பா?"ன்னு போன் போட்டு கேக்க அந்தப் பக்கம் நமக்கு ஒரு ஆள் இருக்காது.

2018 பிப்ரவரில இலங்கை அம்பாறையில நடந்தத பாருங்க. முஸ்லிம் ஒருத்தரோட சாப்பாட்டுக் கடையில குழம்புல ஏதோ கட்டியா கிடந்துதுன்னு, மலடாக்கற மாத்திரைய கலந்துட்டீங்கன்னு சிங்கள கஸ்டமருங்க சண்டைக்கு வந்தாங்க. கடையில இருந்தவர் தமிழ் பேசறவர், சிங்களம் சரியா வராது, சுத்தி நின்ன கூட்டத்த பாத்து பயந்து ஆமாங்கற மாதிரி ஏதோ சொல்லிட்டார். அது வீடியோவா பரவுச்சு, கடைகளையும் பள்ளிவாசலையும் அடிச்சு நொறுக்கினாங்க. அந்த கட்டி வெறும் மாவு. சோத்துல கலந்து மலடாக்கற மாத்திரைன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. அடுத்த சில நாள்ல கண்டி பக்கம் திகனயில, ஒரு ரோட்டு தகராறுல அடிபட்ட சிங்களர் இறந்ததுல ஆரம்பிச்சு முஸ்லிம்களுக்கு எதிரா பெரிய கலவரம், நாடு முழுக்க அவசர நிலை, ஃபேஸ்புக் வாட்ஸப் எல்லாம் தடை. "அவங்க ஆள் தொகைய கூட்டிக்கிட்டே போறாங்க"ன்னு வருஷக்கணக்கா சும்மா பேசிட்டு இருந்தவங்கள்ல முக்காவாசி பேர் கல்ல கையில தொட்டிருக்க மாட்டாங்க, ஆனா மாத்திரை கதைய ஒரே நிமிஷத்துல நம்ப வச்சது அந்த சும்மா பேச்சுதான்.

ஆப்பிரிக்காவுல இருக்கற ருவாண்டாவ இங்க இழுக்க கொஞ்சம் யோசனையாத்தான் இருக்கு, ஏன்னா அது அலட்சியம் இல்ல, பக்கா திட்டம். 1994ல நூறு நாள்ல சுமார் 8 லட்சம் பேர கொன்னாங்க, அங்க சிறுபான்மையா இருந்த துட்சி இன மக்கள கரப்பான் பூச்சின்னு ரேடியோவுல திரும்பத் திரும்ப சொன்னாங்க. ஆனா அந்த வார்த்தைய ரேடியோக்காரங்க புதுசா கண்டுபிடிக்கல, 1960கள்லயே துட்சி கிளர்ச்சிக்காரங்களுக்கு அந்த பேர் இருந்துது. முப்பது வருஷமா வாயில பழகின வார்த்தைய எடுத்து கொடுத்தா போதும்.

என் ஜோக்குக்கும் இதுக்கும் முடிச்சு போடறது ஓவர்னு தோணலாம், நானும் சமம்னு சொல்லல. ஆனா எந்த சட்டமும் புடிக்காத அளவுக்கு சின்னதா இருக்கறதுனாலதான் இந்த மாதிரி வார்த்தைய நாம டெய்லி சொல்ல முடியுது.

கடைசி நாள் அவர்கிட்ட சாரி கேட்டேன். "நான் அந்த அர்த்தத்துல சொல்லல"ன்னு ஆரம்பிக்க வாய் வந்துது, அடக்கிட்டு வெறும் சாரி மட்டும் சொன்னேன். "பரவால்ல, விடுங்க"ன்னு சிரிச்சார். அதுவும் மீட்டிங் ரூம்ல சிரிச்ச அதே சிரிப்பான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல.