லினக்ஸில் நெட்வொர்க் கார்டின் பெயர் ஈத்0 என்பது போய் இஎன்பி3எஸ்0 என்று வந்தது ஏன்? பழைய பெயருக்கே திரும்பலாமா?

திரும்பலாம். ஒரே ஒரு நெட்வொர்க் கார்டுதான் என்றால் தாராளமாக. கணினி துவங்கும்போது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு நெட்.இஃப்நேம்ஸ்=0 என்று சொன்னால் போதும். இரண்டு கார்டு இருந்தால், நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பாளையங்கோட்டையில் சித்தப்பா நடத்தும் அச்சகத்தில், பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு ரூட்டராக வைத்திருந்தேன். ஒரு கார்டு இணையத்துக்கு, மற்றது அச்சகத்துக் கணினிகளுக்கு. புதுப் பெயர் வாயில் நுழையவில்லை என்று, நீங்கள் கேட்பதையேதான் நானும் செய்தேன். சில வாரம் ஓடியது. ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் ஈத்0 ஈத்1 ஆகிவிட்டது, ஈத்1 ஈத்0 ஆகிவிட்டது. இந்தப் பெயர்களை நம்பி விதி எழுதியிருந்த ஃபயர்வால் உள்ளே இருப்பவர்களை மறித்துவிட்டு, வெளியாட்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது. முகூர்த்த மாதத்தில் பத்திரிகை வேலை நின்றுபோன மனிதரிடம் கர்னலைப் பற்றி விளக்கவா முடியும்?

முதலில் கண்ணில் பட்ட கார்டுக்குக் கர்னல் ஈத்0 என்று பெயர் வைக்கிறது. கார்டுகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களில் எது முந்தும் என்பது ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் இருக்காது. லினக்ஸைத் துவக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருளின் 197ஆம் பதிப்பு, 2013இல் வந்தது, கார்டு இருக்கும் இடத்தை வைத்துப் பெயரிடத் தொடங்கியது. எங்கள் ஊர்ப் பக்கம் நாலு சுடலைமுத்து இருந்தால் மேலத்தெரு சுடலை, கிணற்றடி சுடலை என்று பிரிப்போம் அல்லவா, அதே கணக்குதான். இஎன் என்றால் ஈதர்நெட், பி3 என்பது பிசிஐ பஸ் (கார்டுகள் மதர்போர்டோடு பேசும் தடம்) எண், எஸ்0 அதில் ஸ்லாட் எண். மதர்போர்டோடு வந்த கார்டு பெரும்பாலும் இஎன்ஓ1 என்று வரும்.

இதிலும் ஓட்டை உண்டு. புதிதாக ஒரு பிசிஐ கார்டு செருகினால் பஸ் எண்கள் நகர்ந்து, இஎன்பி3எஸ்0 மறுநாள் இஎன்பி4எஸ்0 ஆகலாம். கார்டைத் தொடவே இல்லை, விலாசம் மட்டும் மாறிவிட்டது!

அதனால் ரூட்டர் போன்ற கணினிகளில் நானே பெயர் வைத்துவிடுகிறேன். சிஸ்டம்டியின் நெட்வொர்க் கோப்புறையில் கார்டுக்கு ஒன்றாக .லிங்க் கோப்பு எழுதி, மேக் முகவரி (கார்டுக்கே உரிய அடையாள எண்) இன்னது என்றால் பெயர் இன்னது என்று சொன்னால் வேலை முடிந்தது. பெயர் 15 எழுத்துக்குள் இருக்கட்டும். ஆசைப்பட்டு ஈத்0 என்றே வைக்காதீர்கள். அந்தப் பெயரைக் கர்னல் அதற்குள் இன்னொரு கார்டுக்குக் கொடுத்திருக்கலாம்.

அச்சகத்தில் இப்போது ஆங்கில எழுத்தில் கடை0, வெளி0 என்று இருக்கின்றன. சித்தப்பா அதே பெயர்களை அச்சடித்து இரண்டு கேபிளிலும் ஒட்டிவிட்டார்.