அம்மாவின் வாய் வறட்சியை அளக்க முடியுமா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. சலரோகத்துக்கும் பிரஷருக்கும் குளிசை எடுக்கிறா. சில மாதங்களாக வாய் காயுது என்று இரவில் தண்ணீர்ச் செம்போடுதான் படுக்கிறா. கேட்டால் வயதுக்கோளாறு என்கிறார்கள். இதை அளந்து பார்க்க வழி இருக்கிறதா? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: இருக்கிறது. வயதுக்கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். வயது மட்டும் வாயை இவ்வளவு காய வைக்காது. முதியவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் எடுக்கும் மருந்துகள்தான்.

வாய் காய்வதாக உணர்வது ஒன்று, உமிழ்நீர் குறைவது வேறொன்று. உமிழ்நீர் போதிய அளவு சுரந்தும் வாய் காய்ந்து தவிப்பவர்கள் உண்டு. அதுவும் உண்மையான வருத்தமே. அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

உணர்வை அளக்க 1999இல் வெளியான 11 கூற்றுகள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றால் 1, 'மிக அடிக்கடி' என்றால் 5. கூட்டினால் 11 முதல் 55 வரை வரும். கூடக்கூட வறட்சி அதிகம். இரவில் தண்ணீர் குடிக்க எழும்புவதும், உலர்ந்த சாப்பாடு சாப்பிடக் கஷ்டப்படுவதும் அதில் வரும். நான் நம் அம்மாமாரிடம், "சொதி விடாமல் புட்டு இறங்குமா?" என்றுதான் கேட்பேன். உடனே பதில் வந்துவிடும். ஒன்று சொல்ல வேண்டும்: அம்மாவே பதில் சொல்லட்டும், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் முந்திக்கொண்டு சொன்னால் கணக்குப் பிழைத்துவிடும்.

உமிழ்நீரை மருத்துவமனையில் அளப்போம். தேத்தண்ணீர், சாப்பாடு எதுவும் எடுக்காமல் ஒரு மணித்தியாலமாவது இருந்த பின், தலையைச் சற்றுக் குனிந்து, ஊறுவதை 5 நிமிடம் சிறு கிண்ணத்தில் வடிய விடுவார்கள். நிமிடத்துக்கு 0.1 மில்லிலீற்றருக்குக் கீழே, அதாவது மொத்தம் அரை மில்லிலீற்றர்கூட வராவிட்டால் சுரப்பு மிகக் குறைவு. அப்படிப்பட்ட வாயில் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை வைத்தால் கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அம்மா எடுக்கும் குளிசைகள் எல்லாவற்றையும், கடையில் வாங்கிய தடிமல் குளிசை உட்பட, ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அமிட்ரிப்டிலின் (மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுப்பது), பிரிட்டோன் (தடிமல், ஒவ்வாமைக்கு எடுப்பது), சிறுநீர் அவசரத்துக்கான குளிசைகள் வாயைக் காய வைப்பவை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இரத்தச் சீனியையும் பாருங்கள். சீனி கூடினாலும் இப்படித்தான் தாகம் எடுக்கும். கண்ணும் சேர்ந்து காய்ந்தால், கன்னம் வீங்கினால், வாயில் வெள்ளை படிந்தால் தாமதிக்க வேண்டாம்.

அதுவரை பனங்கட்டியோ டொபியோ வாயில் அடக்க விடாதீர்கள். உமிழ்நீர் குறைந்த வாயில் பல் வேரோடு சொத்தையாகும். பல் செட் இருந்தால் இரவில் கழற்றி வைக்கட்டும்.

அந்த 11 கூற்றுகளின் இன்றைய கூட்டுத்தொகையைத் திகதியோடு எழுதி வையுங்கள். வைத்தியர் மருந்தை மாற்றினால், ஒரு மாதம் கழித்து அதே கூற்றுகளைத் திரும்பக் கேளுங்கள்.